கை ஓங்காமல் எதிர்த்து நிற்க: சிங்கப்பூருக்கான ஒரு வழிகாட்டி

அநீதிக்கு எதிரே கையை ஓங்காமல் நிற்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பம் நூறு ஆண்டுக்கு மேல் பழையது. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோஹானஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள், தங்களைப் பதிவு செய்துகொள்ளச் சொன்ன புதிய சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். அப்போது அந்த எதிர்ப்புக்கு 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர்தான் புழங்கியது. தமிழில் சாத்வீக எதிர்ப்பு என்றார்கள். வேறு வழியில்லாத பலவீனரின் ஆயுதம் என்ற பொருள் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது காந்தியை உறுத்தியது. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் நல்ல பெயர் கேட்டுப் போட்டி வைத்தார்கள். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று எழுதி அனுப்பினார். காந்தி அதைச் 'சத்தியாக்கிரகம்' என்று திருத்தினார். ஆக்கிரகம் என்றால் விடாப்பிடி. உண்மையைப் பிடித்த பிடியை விடாமலிருப்பது.

அந்தப் போராட்டத்தில் டிரான்ஸ்வால் சிறைகளை நிரப்பியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை சென்றார். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார். ஆகவே இது நமக்கு இரவல் சரக்கு இல்லை.

கீழே உள்ளவை அந்த விடாப்பிடியைச் சிங்கப்பூரில், இங்குள்ள சட்டங்களுக்கு நடுவே, எந்த வரிசையில் செய்வது என்பதற்கான குறிப்புகள். பேச்சு அந்தரத்தில் தொங்காமலிருக்க ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை அனுமதியில் உள்ள 14 தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஓவர்டைம் காசு மாதாமாதம் குறைந்து வருகிறது. அவர்களும், அவர்களுக்குத் துணை நிற்க நினைக்கும் சிங்கப்பூர்க் குடிமக்கள் சிலரும் சேர்ந்து என்ன செய்யலாம்?

இது வேலை செய்யும் விதம்

எந்த அதிகாரமும் கீழே இருப்பவர்களின் ஒத்துழைப்பில் நிற்கிறது. யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள், யாரோ லாரி ஓட்டுகிறார்கள், யாரோ கணக்கு எழுதுகிறார்கள், யாரோ பார்த்தும் பாராமல் போகிறார்கள். அந்த ஒத்துழைப்பை அளந்து, தேர்ந்து, வெளிப்படையாக விலக்குவது முதல் வேலை. இரண்டாவது வேலை, அதனால் வரும் துன்பத்தை எதிராளியின் தலையில் தள்ளாமல் நாமே ஏற்பது. நாம் துன்பத்தை ஏற்று நிற்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களுக்கும், எதிராளியின் பக்கமே நிற்பவர்களுக்கும் 'யார் பக்கம் நியாயம்' என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிவிடும். ஆட்சியாளரை மாற்றவோ விடுதலை பெறவோ 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை எரிக்கா செனொவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வன்முறையற்றவற்றில் 53 விழுக்காடும் ஆயுதம் ஏந்தியவற்றில் 26 விழுக்காடும் வென்றிருந்தன. பங்கேற்கக் கூடியவர்களின் எண்ணிக்கையே பெரிய காரணம் என்பது அவர்கள் கணிப்பு. கல் எறிய இளைஞர்கள்தான் வருவார்கள். வாங்க மறுக்க, நடக்க மறுக்க, கையெழுத்திட மறுக்கப் பாட்டியும் வரலாம்.

ஒரு கல் விழுந்தாலும் கேள்வி மாறிவிடும். 2013 டிசம்பர் 8 இரவு தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்), ரேஸ் கோர்ஸ் ரோடு சந்திப்பில், 33 வயதுத் தமிழ்த் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அன்றிரவே வண்டிகள் எரிந்தன. மறுநாளிலிருந்து பேச்செல்லாம் மது விற்பனையைப் பற்றியதாகிப்போனது. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது, 50க்கு மேற்பட்டோர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள், 2015ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இறந்தவரும், அவரைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை எப்படிப் பேருந்து ஏறுகிறார்கள் என்ற கேள்வியும் பின்னுக்குப் போய்விட்டன. கண்ணகியை நினைத்துப் பாருங்கள். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டிய கணத்திலேயே வழக்கு வென்றுவிட்டது, அரசனே தன் தவற்றை ஏற்றுவிட்டான். மதுரை எரிந்ததால் அந்த வெற்றியில் ஒரு பிடி அரிசிகூடக் கூடவில்லை.

முதலில் உண்மையை எண்ணிப் பாருங்கள்

1963ல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் நான்கு படிகளை வரிசைப்படுத்தினார்: அநீதி உண்மையில் நடக்கிறதா என்று தகவல் திரட்டுவது, பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மை செய்துகொள்வது, பிறகே நேரடி நடவடிக்கை. அவசரத்தில் எல்லாரும் தாவிக் குதிப்பது இந்த முதல் படியைத்தான்.

நம் உதாரணத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, வேலையிடம், தொடங்கிய நேரம், சாப்பாட்டு இடைவேளை, முடிந்த நேரம், மேற்பார்வையாளர் யார். அன்றிரவே எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியதை எதிர்த்தரப்பு ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடும். எல்லா வரியும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். இதோடு சேர்க்க வேண்டியவை: வேலை அனுமதிக்கு முன் வந்த ஐபிஏ என்ற கொள்கையளவு ஒப்புதல் கடிதம் (அடிப்படைச் சம்பளம் அதில் உள்ளது, தமிழிலும் கிடைக்கும்), சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், டைம் கார்டின் படம், மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை நேரச் செய்திகள். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி தங்குவிடுதிக்கு வெளியே, நம்பத் தகுந்த ஒருவரிடம் இருக்கட்டும். கைப்பேசி தொலைவதும் மாற்றப்படுவதும் அன்றாடம் நடப்பது.

பிறகு கணக்கு. ஒரு மணி நேர அடிப்படைச் சம்பளத்துக்கு: மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44, அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். 800 வெள்ளிக்கு இது ஏறத்தாழ 4.20 வெள்ளி. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, 6.29 வெள்ளி. ஒருவர் ஒரு மாதத்தில் 60 மணி நேரம் கூடுதலாக வேலை செய்திருந்தால் ஏறத்தாழ 377 வெள்ளி வர வேண்டும். 200 வெள்ளி வந்திருந்தால் குறை 177. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓவர்டைமின் உச்சவரம்பு. அதற்கு மேல் வேலை வாங்கியிருந்தால் அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் அந்தச் சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள்ளும், ஓவர்டைம் காசு 14 நாளுக்குள்ளும் வந்தாக வேண்டும்.

இங்கே நேரும் மிகப் பெரிய தவறு, கூட்டிச் சொல்வது. 60 மணி நேரத்தை 80 என்று எழுதிய ஒரே ஒருவரால் மற்ற 13 பேரின் கணக்கும் சந்தேகத்துக்கு ஆளாகும். சத்தியத்தைப் பிடித்து நிற்பவர்களுக்குப் பொய்யான ஒரு வரி உள்ளேயிருந்து அறுக்கும் கத்தி. சந்தேகமான நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். நம் பக்கத் தவறு ஏதாவது இருந்தால், உதாரணமாக யாராவது வராத நாளுக்கு டைம் கார்டு அடித்திருந்தால், அதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். கிங் சொன்ன தூய்மை பெருமளவு இந்த நேர்மைதான் என்பது எங்கள் கருத்து.

ஒரே கோரிக்கை

1930 ஜனவரியில் காந்தி பிரிட்டிஷ் அரசிடம் 11 கோரிக்கைகளை வைத்தார். மக்கள் அசையவில்லை. மார்ச்சில் உப்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார், தேசம் எழுந்தது. உப்பு எல்லார் வீட்டு அடுப்பிலும் இருந்தது, வரி எல்லாரையும் தொட்டது, சட்டத்தை மீறுவதற்குக் கடற்கரையில் குனிந்தாலே போதும்.

நமக்கு இன்னும் அருகில் உள்ளது 1941 கிள்ளான். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள், ஆர்.ஹெச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்நிற்க, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். கள்ளுக் கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குப் பள்ளி, துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை என்று பட்டியல் நீண்டது. அத்தனையும் நியாயம். சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் பட்டியல் நீளும்போது எதிராளி தனக்கு வசதியான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம். நாதனை நாடு கடத்தினார்கள், படைகளை இறக்கினார்கள், உயிர்கள் போயின.

கோரிக்கையை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். நாம் யாரிடம் கேட்கிறோமோ அவரால் அதைச் செய்ய முடியுமா? செய்தாரா இல்லையா என்று ஒரு குறிப்பிட்ட தேதியில் பார்த்துச் சொல்ல முடியுமா? தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்க நிற்கும் ஓர் அண்ணனிடம் ஒரே மூச்சில் சொன்னால் புரியுமா? 'தொழிலாளர்களுக்கு மரியாதை வேண்டும்' மூன்றிலும் தோற்கும். 'ஜனவரி முதல் ஜூன் வரை விடுபட்ட ஓவர்டைம் காசை ஜூலை 31க்குள் 14 பேர் கணக்கிலும் போட வேண்டும்' மூன்றிலும் தேறும்.

துன்பத்தைச் சுமப்பது யார்

எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தப் பகுதி. அகிம்சை எதிர்ப்பின் அறமே துன்பத்தைத் தானாக ஏற்பதில் இருக்கிறது. 'தானாக' என்ற சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, ஒருவர் இன்னொருவரைப் பலி கொடுப்பது.

சிங்கப்பூரில் ஒரே செயலுக்கு ஆளுக்கு ஆள் விலை வேறு. குடிமகன் ஒருவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நிரந்தரவாசி ஒருவருக்கு மறுநுழைவு அனுமதி புதுப்பிக்கும் கவலை உண்டு. வேலை அனுமதியில் உள்ளவருக்கு வேலை, தங்கும் இடம், இந்நாட்டில் இருக்கும் உரிமை மூன்றும் ஒரே முதலாளியின் கையில். ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் வேறு இருக்கும். எனவே முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவர் கேட்காத இடத்தில், எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று சொல்ல வாய்ப்பு வேண்டும். எல்லார் முன்னாலும் கையைத் தூக்கச் சொல்வது தவறு. தூக்க மனமில்லாத கையும் வெட்கத்தால் எழும். நாலு நாளில் அந்த ஆள் காணாமல் போவார்.

வேலைகளை ஆபத்தின் அளவுப்படி பிரியுங்கள். இதற்கு வேதாரண்யம் நல்ல பாடம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி சுமார் 100 தொண்டர்களுடன் புறப்பட்டார். வழியில் அவர்களுக்குச் சோறு கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தோர்ன் எச்சரித்திருந்தார். ஊர் மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். சிறைக்குப் போகத் துணிந்தவர் உப்பு அள்ளினார், துணியாதவர் புளியோதரை கட்டினார். இருவருமே போராட்டத்துக்குள் இருந்தார்கள். நம் உதாரணத்தில் கடிதம் எழுதுவது, ஊடகத்தோடு பேசுவது, கூட்டத்துக்கு இடம் எடுப்பது எல்லாம் குடிமக்களின் வேலை. தொழிலாளர்கள் தங்கள் கணக்கை எழுதி, தங்கள் பெயரில் புகார் கொடுப்பதோடு நிற்கலாம். எவ்வளவு தூரம் போவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். 'நாங்கள் உங்களுக்காகப் போராடுகிறோம்' என்று சொல்லிக்கொண்டு அவர்கள் முகத்தைக் கேட்காமல் படமெடுத்துப் போடுபவர்களை அருகிலேயே சேர்க்காதீர்கள்.

கடிதமும் காலக்கெடுவும்

தண்டிப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னால், 1930 மார்ச் 2 அன்று, காந்தி வைஸ்ராய் இர்வினுக்குத் தான் செய்யப்போவதை எழுதி அனுப்பினார். ஒளிவுமறைவில்லாமல் முன்கூட்டியே சொல்வது இந்த முறையின் இலக்கணம். நாம் எழுதும் கடிதத்தில் ஐந்து விஷயங்கள் போதும்: நடந்தது, கணக்கு, கோரிக்கை, தேதி, அந்தத் தேதிக்குப் பின் நாம் செய்யப்போவது. அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். தமிழ்ப் பிரதியைத் தொழிலாளர்கள் படித்து ஒப்புக்கொண்ட பிறகே ஆங்கிலம். ஒரு மாதிரி:

'மதிப்பிற்குரிய ஐயா, ஜனவரி முதல் ஜூன் வரை நாங்கள் 14 பேரும் செய்த கூடுதல் நேர வேலைக்கான கணக்கை இணைத்துள்ளோம். எங்கள் கணக்குப்படி மொத்தம் இவ்வளவு வெள்ளி குறைகிறது. உங்கள் பதிவுகள் வேறாக இருந்தால் காட்டுங்கள், எங்கள் கணக்கில் பிழை இருந்தால் திருத்திக்கொள்கிறோம். ஜூலை 31க்குள் தீர்வு வராவிட்டால் ஆகஸ்ட் 1 அன்று வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்புக் கூட்டணியிடம் புகார் பதிவு செய்வோம். அதுவரை வேலையை வழக்கம்போல் செய்வோம். உங்களைச் சந்தித்துப் பேச எங்களில் இருவர் தயார்.'

'பிழை இருந்தால் திருத்திக்கொள்கிறோம்' என்ற வரியைத் தூக்கிவிட வேண்டும் என்று யாராவது சொல்வார். விடாதீர்கள். எதிராளி முகம் கெடாமல் உள்ளே வருவதற்கு அது ஒரு கதவு. மிரட்டல், இனம் பற்றிய சொல், முதலாளியின் குடும்பம் பற்றிய பேச்சு எதுவும் கூடாது. பேச்சுவார்த்தைக்குத் தனியாகப் போகாதீர்கள். இருவர் போகட்டும், ஒருவர் பேச, ஒருவர் எழுத. பேசி முடித்த இரவே 'இன்று நாம் பேசியது இதுதான்' என்று நாலு வரியில் அவர்களுக்கே செய்தி அனுப்புங்கள்.

பொறுமைக்கும் கெடு உண்டு. சம்பளப் புகாரை, வேலையில் இருந்துகொண்டே கொடுத்தால் பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டிருந்தால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும். 'அடுத்த மாதம் பார்ப்போம், தம்பி' என்று இழுத்தடிப்பதிலேயே பல நியாயமான வழக்குகள் செத்துப்போகின்றன. 'டிஏடிஎம்' (TADM) என்று சுருக்கிச் சொல்லும் அந்த முத்தரப்புக் கூட்டணியில் முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அங்கே முடியாவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடு 4 வாரத்துக்குள் வேலை தொடர்பான உரிமைகோரல்களுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. உங்கள் நோட்டுப் புத்தகம்தான் வழக்கறிஞர். இல்லப் பணிப்பெண்களுக்கு இந்த வழி இல்லை, வேலை நியமனச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. மனிதவள அமைச்சையே அணுக வேண்டும். ஹோம், டிடபிள்யுசி2, வெளிநாட்டு ஊழியர் நிலையம் போன்ற, தொழிலாளர்களுக்கு உதவும் அமைப்புகள் இந்தப் பாதையைத் தினமும் நடந்து பழகியவை. முதல் வாரமே ஓர் அமைப்போடு பேசிவிடுவது நல்லது.

சட்டம் கோடு போட்டிருக்கும் இடங்கள்

2009ன் பொது ஒழுங்குச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே யாரும் ஒரு பதாகைகூட எழுதக் கூடாது. 'ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் பரவாயில்லை' என்பது பழைய நினைப்பு. ஒரு நோக்கத்தை ஆதரித்தோ எதிர்த்தோ பொது இடத்தில் ஒருவர் தனியாக நின்றாலும் இந்தச் சட்டத்தின்படி அது கூட்டம்தான், அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் ஏற்பாடு செய்தவருக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரையும், கலந்துகொண்டவருக்கு 3,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு. ஏற்பாட்டாளர் மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ.

ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை இதற்கு விலக்கு. 2000 செப்டம்பர் 1 முதல் அங்கே பேசலாம், 2008 செப்டம்பர் முதல் ஆர்ப்பாட்டமும் செய்யலாம். தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். தமிழிலேயே பேசலாம். ஏற்பாட்டாளரும் பேச்சாளரும் குடிமக்களாக இருக்க வேண்டும். ஆர்ப்பாட்டத்தில் நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம். இனம், சமயம் பற்றிய பேச்சுக்கு அங்கும் இடமில்லை. வேலை அனுமதியில் உள்ளவர்கள் கலந்துகொள்ளக் கூடாது. ஆகவே நம் 14 பேரையும் 'நீங்களும் வந்து நில்லுங்கள்' என்று அழைப்பது அவர்களைக் குழியில் தள்ளுவது. அவர்கள் எழுதிக் கொடுத்ததை, அவர்கள் சம்மதத்தோடு, பெயரில்லாமல் ஒரு குடிமகன் மேடையில் படிக்கலாம்.

நான்கு சுவருக்குள் நடக்கும் கூட்டத்துக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் ஏற்பாட்டாளரும் எல்லாப் பேச்சாளர்களும் குடிமக்களாக இருக்க வேண்டும், இனப் பகையோ சமயப் பகையோ மூட்டும் பொருளாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியரை வீடியோ அழைப்பில் பேசவைத்தால்கூட விலக்கு போய்விடும். 2016ல் இதே பொருளில், அதாவது ஒத்துழையாமையைப் பற்றி, நடந்த உள்ளரங்கக் கலந்துரையாடலில் வெளிநாட்டுப் பேச்சாளர் ஒருவர் ஸ்கைப்பில் பேசினார், ஏற்பாட்டாளர் தண்டிக்கப்பட்டார்.

இணையத்தில் முதலாளியின் வீட்டு முகவரியையோ பிள்ளைகளின் படத்தையோ போடுவது தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகலாம், அறத்தின்படி அதைவிட மோசம். அவதூறு வழக்குக்கு வழி வைக்காமல் 'திருடன்' என்று எழுதாதீர்கள். '177 வெள்ளி வரவில்லை' என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம்தான் ஆழமாக இறங்கும்.

ஒத்துழைப்பை விலக்கும் வழிகள்

அகிம்சைப் போராட்டங்களை ஆராய்ந்த ஜீன் ஷார்ப் 1973ல் அதற்கான 198 வழிகளைப் பட்டியலிட்டார். எதிர்ப்பைத் தெரிவிப்பது, ஒத்துழைக்க மறுப்பது, குறுக்கே நிற்பது என்று மூன்று பெரும் பிரிவு. தெருவில் நிற்பது அதில் ஒரு சிறு மூலைதான். சிங்கப்பூரில் நடுப் பிரிவே வளமானது.

முதலாவது, பொய்யில் பங்கேற்காமலிருப்பது. சம்பள வவுச்சரில் தொகை எழுதாத இடத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாமலிருப்பது. வாங்காத காசை வாங்கியதாக எழுதியதற்கு விரல் ரேகை வைக்காமலிருப்பது. 'தொகையை எழுதுங்கள், சரியாக இருந்தால் உடனே போடுகிறேன், அண்ணே' என்று தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். ஒருவர் மறுத்தால் தகராறு, 14 பேரும் ஒரே சொல்லைச் சொன்னால் அது எதிர்ப்பு. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வதும் சட்டத்துக்குப் புறம்பு. திருப்பிக் கேட்பதைக் கடிதத்திலேயே சேர்க்கலாம்.

வாங்காமலிருப்பது இரண்டாவது. இந்தியர்களுக்கு வாடகைக்கு வீடில்லை என்று விளம்பரம் போடும் முகவரை ஒரு சமூகம் முழுவதும் நாடாமலிருக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால் புறக்கணிப்பு மாற்று ஏற்பாடு இல்லாமல் மூன்று வாரம் தாங்காது. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரக் கறுப்பின மக்கள், பேருந்துகளில் நடந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் பேருந்தில் ஏறாமலிருந்தது மனவலிமையால் மட்டும் நடக்கவில்லை. சுமார் 300 கார்கள், ஏறும் இடங்கள், நேர அட்டவணை என்று ஒரு போக்குவரத்துக் கழகத்தையே அவர்கள் நடத்தினார்கள். நியாயமாக வாடகைக்கு விடுபவர்களின் பட்டியலைத் தயாரித்த பிறகே புறக்கணிப்பை அறிவியுங்கள்.

வேலை நிறுத்தம் கடைசியில் வைக்க வேண்டியது. 1952 மே மாதம் இங்கே சுமார் 500 தபால்காரர்கள் 13 நாள் வேலையை நிறுத்தி வென்றார்கள். கலவரம் இல்லை, சம்பளக் கணக்கு பத்திரிகைகளில் தெளிவாக வைக்கப்பட்டது, கடிதம் வராமல் தவித்த பொதுமக்களே அவர்கள் பக்கம் நின்றார்கள். மூன்று ஆண்டு கழித்து ஹாக் லீ பேருந்து நிறுவனத்தில் மறியல் 1955 மே 12 அன்று கலவரமாக வெடித்து நால்வர் இறந்தார்கள். 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த 171 பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்கு வராமலிருந்தார்கள். அத்தியாவசியச் சேவையில் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்பது மீறப்பட்டது; ஐவர் சிறை சென்றார்கள், 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தங்குவிடுதி, சம்பளம் பற்றிய அவர்கள் குறை உண்மையானதுதான். சங்கமோ முன்னறிவிப்போ இல்லாததால் அதன் விலையை அவர்களே சுமந்தார்கள்.

சட்டத்தை மீறியே ஆக வேண்டும் என்று ஒரு குடிமகன் தன் மனச்சாட்சிப்படி முடிவெடுத்தால், இந்த மரபு அவரிடம் கேட்பவை கடுமையானவை: மற்ற வழிகள் தீர்ந்திருக்க வேண்டும், மீறும் சட்டமே அநீதியின் பகுதியாக இருக்க வேண்டும், பட்டப்பகலில் பெயர் சொல்லிச் செய்ய வேண்டும், தண்டனையை ஓடாமல் ஏற்க வேண்டும், இன்னொருவரை இழுத்து வரக் கூடாது. கடைசியைச் செய்ய முடியாதவர் முதல் நான்கைச் செய்தும் பயனில்லை.

பயிற்சி இல்லாமல் இறங்காதீர்கள்

கோபம் வரும்போது கை தானாக எழும். எழாமலிருக்க உடம்பைப் பழக்க வேண்டும். 1960ல் அமெரிக்காவின் நாஷ்வில்லில், கறுப்பருக்கு மறுக்கப்பட்ட மதிய உணவு மேசைகளில் உட்கார்ந்த மாணவர்களை ஜேம்ஸ் லாசன் முன்கூட்டியே பல வாரம் நடிப்புப் பயிற்சியில் பழக்கியிருந்தார்.

12 பேர், இரண்டு மணி நேரம், ஒரு புளோக்கின் கீழ்த்தள அறை போதும். ஆறு ஆறாக எதிரெதிரே நில்லுங்கள். ஒரு வரிசை மேற்பார்வையாளர், மறு வரிசை தொழிலாளி. மூன்று நிமிடம் மேற்பார்வையாளர் தரப்பு கத்தட்டும்: 'கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் நாளைக்கே டிக்கெட்!' தொழிலாளி தரப்பு ஒரே பதிலைக் குரல் உயர்த்தாமல் திரும்பச் சொல்லட்டும். மணி அடித்ததும் அப்படியே உறையுங்கள். கை எங்கே இருக்கிறது, தாடை இறுகியிருக்கிறதா, மூச்சு எப்படி என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். பிறகு இடம் மாறுங்கள். மேற்பார்வையாளராக நடித்தவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கண்டுகொள்வார்கள்: எதிரில் இருப்பவர் கத்தும்போது மேலும் கத்துவது எளிது, கண்ணைப் பார்த்து அமைதியாக நிற்பவரிடம் கத்துவது சிரமம். வெளிப்பேச்சுக்கு ஒருவரை மட்டும் நியமியுங்கள். ஹோங் லிம்மில் நிகழ்ச்சி என்றால் பத்துப் பேருக்கு ஒரு தொண்டர், தூண்டிவிட வருபவரை மெல்லத் தனியே அழைத்துப் பேச.

கேரளத்தின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய சாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் நாளுக்கு மூன்று பேர்தான் தடைப் பலகையை நோக்கி நடந்தார்கள். முதல் நாள் புலையர், ஈழவர், நாயர் என்று சமூகத்துக்கு ஒருவர். வெள்ளம் வந்தபோது இடுப்பளவு நீரில் நின்றார்கள். பெரியார் இருமுறை சிறை சென்றார். கூட்டம் பெருகினால் கட்டுப்பாடு போகும் என்பதை அறிந்தே எண்ணிக்கையைச் சுருக்கியிருந்தார்கள்; அதனால்தான் 603 நாள் நீடிக்க முடிந்தது. எதிர்மாறான பாடம் சௌரி சௌரா. 1922 பிப்ரவரியில் அங்கே காவல் நிலையம் எரிந்து காவலர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததும் காந்தி நாடு தழுவிய ஒத்துழையாமையையே நிறுத்தினார். நேரு உட்படப் பலருக்குப் பொறுக்கவில்லை. நிறுத்துவதற்கான விதியையும் தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்: யார் சொன்னால், என்ன நடந்தால் நாம் கலைவோம்?

உண்ணாவிரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் முதலில் கேட்பது அதைத்தான். எங்கள் அறிவுரை வேண்டாம் என்பது. நம்மேல் அன்போ மதிப்போ உள்ளவரின் மனத்தை மட்டுமே அது தொடும், அறியாதவருக்கு அது வெறும் மிரட்டல். 1932ல் காந்தி இருந்த உண்ணாவிரதம் பூனா ஒப்பந்தத்தில் முடிந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி கேட்ட அம்பேத்கர் தன்மீது விழுந்த நெருக்கடியைக் கடைசிவரை மறக்கவில்லை. அவர் பக்கம் நின்று அந்த நாட்களைப் பார்க்காமல் யாரும் பட்டினி கிடக்க முடிவெடுக்க வேண்டாம்.

தீர்வு கையில் வரும்போது

பெரும்பாலும் முழுதாக வராது. வைக்கத்தில் 1925 நவம்பரில் முடிவு வந்தபோது கோயிலைச் சுற்றிய சாலைகளில் மூன்று பக்கம் திறந்தது, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. அதை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி உங்களுக்கும் வரும். 14 பேருக்குப் பதில் 9 பேருக்குக் காசு தருகிறேன் என்றால் ஏற்காதீர்கள். அது பிரிப்பதற்கான விலை. 14 பேருக்கும் முழுத் தொகையை மூன்று தவணையில் தருகிறேன் என்றால் ஏற்கலாம். தவணைத் தேதிகளையும், புகார் கொடுத்ததற்காக யாரையும் அனுப்ப மாட்டோம் என்ற வரியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு. முத்தரப்புக் கூட்டணியின் முன் எழுதிய உடன்படிக்கையை நீதிமன்றத்தில் பதிவு செய்தால் அது தீர்ப்பைப் போல் செல்லும்.

முதலாளி ஒத்துக்கொண்ட நாளில் வெற்றிக் கோஷமும் கேலிப் படமும் வேண்டாம். நாளை காலை அதே ஆள் வேலை ஒதுக்குவார். நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வெளியே வாருங்கள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் மூடிவிடாதீர்கள்: அடுத்த மூன்று மாதச் சம்பளச் சீட்டு வரும் நாளில் இருவர் உட்கார்ந்து, 14 பேரின் ஓவர்டைம் மணி நேரத்தையும் 6.29 வெள்ளியால் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும்.